இம்யூன்: விலக்கா, பொறுப்பா?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சொல். இம்யூன். கொரோனாவுக்குப் பிறகு இந்தச் சொல் நுழையாத வீடு நம் ஊரில் இல்லை. கபசுரக் குடிநீர் வாங்க வரிசையில் நின்ற பாட்டியும் 'இம்யூனிட்டி' என்றார். மளிகைக் கடையில் மஞ்சள்தூள் பாக்கெட்டின் மேல்கூட அந்த வார்த்தை ஏறிவிட்டது. போதாததற்கு, 'எனக்கு யார் திட்டினாலும் உறைக்காது சார், நான் இம்யூன் ஆயிட்டேன்' என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். எதுவும் தன்னைத் தொடாது, தனக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்பதுதான் எல்லோரும் இதற்குக் கொள்ளும் பொருள். அந்தப் பொருள் பாதிதான் சரி என்பது என் கட்சி. மீதிப் பாதியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

சொல்லின் பிறந்த வீட்டுக்குப் போவோம். லத்தீனில் 'முனுஸ்' என்று ஒரு சொல். கடமை, பொதுப்பணி, செலுத்தவேண்டிய பங்கு என்று அதற்குப் பொருள். கொடை என்ற பொருளும் உண்டு. ஊர்ப் பாலத்தைச் செப்பனிடுவது, வரி கட்டுவது, பதவி ஏற்று ஊருக்காக உழைப்பது எல்லாம் முனுஸ். அதற்கு எதிர்மறை முன்னொட்டு சேர்ந்தால் 'இம்யூனிஸ்'. ஊருக்குச் செய்யவேண்டிய கடமையிலிருந்து விலக்குப் பெற்றவன் என்று பொருள். நோய்க்கும் இதற்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் கிடையாது.

இந்தக் குடும்பத்துச் சொற்கள் பல நம்மோடுதான் புழங்குகின்றன. நாம் 'முனிசிபாலிட்டி' என்கிறோமே, அதுவும் முனுஸ் வழி வந்ததுதான். கடமைகளை ஏற்றுக்கொண்ட ஊர் என்பது அதன் அடிப்படை. 'கம்யூனிட்டி' என்பதும் அப்படியே. கடமையைப் பகிர்ந்துகொண்டவர்களின் கூட்டம். விடைத்தாள் திருத்திய ஆசிரியருக்கு வரும் 'ரெமுனரேஷன்' கூட இந்தக் கிளைதான். இம்யூன் மட்டும்தான் இந்தக் குடும்பத்தில், 'எனக்கு அந்த வேலை வேண்டாம்' என்று ஒதுங்கி நின்ற பிள்ளை. தேர்தல் பணிக்குப் பெயர் வந்ததும் மருத்துவச் சான்றிதழோடு அலுவலகம் அலுவலகமாக அலைகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய லத்தீன் பொருளில் அவர்கள் தேடுவது இம்யூனிட்டியைத்தான்.

ரோமப் படையில் 'இம்யூனெஸ்' என்று தனி வகையாகவே வீரர்கள் இருந்தார்கள். நில அளவையாளர், காயத்துக்குக் கட்டுப்போடுகிறவர், கொல்லர், எக்காளம் ஊதுகிறவர், கணக்கர் முதலியோர். கைத்தொழிலோ எழுத்தோ தெரிந்த இவர்களுக்கு அகழி வெட்டும் வேலை, கல் சுமக்கும் வேலை கிடையாது. கி.பி. 107இல் அரேபியப் பகுதியில் இருந்த ஒரு ரோம வீரர் எகிப்தில் உள்ள தன் தந்தைக்கு எழுதிய பாப்பிரஸ் கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஜூலியஸ் அப்பொலினாரியஸ் என்பது அவர் பெயர். மற்றவர்கள் நாள் முழுக்கக் கல் உடைத்துக்கொண்டிருக்க, எழுத்து வேலை கிடைத்த தான் சும்மா நடமாடிக்கொண்டிருப்பதாகவும், அதற்காகத் தெய்வத்துக்கு நன்றி சொல்வதாகவும் அப்பாவுக்கு எழுதுகிறார். பத்தொன்பது நூற்றாண்டு கழித்துப் படித்தாலும் அந்த நிம்மதிப் பெருமூச்சு கேட்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவருக்கு விலக்கு கிடைத்ததால் கல் குறையவில்லை. அவர் உடைக்காத கல்லையும் சேர்த்து இன்னொருவர் உடைத்தார்.

இதே கருத்து நம்மிடமும் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டினால் 'இறையிலி' என்ற சொல் மீண்டும் மீண்டும் வரும். இறை என்றால் வரி. வரி இல்லாத நிலம் இறையிலி. கோயிலுக்கும் பிறவற்றுக்கும் விட்ட நிலங்களை இப்படி ஆக்கினார்கள். ஆனால் அரசனுக்குச் சேரவேண்டிய வரி காற்றில் கரைந்துவிடாது. பல கல்வெட்டுகளில், நிலத்தை இறையிலி ஆக்க ஊர்ச்சபை ஒரு தொகையை மொத்தமாகப் பெற்றுக்கொள்கிறது. அந்த நிலத்துக்குரிய இறையை இனித் தானே இறுப்பதாக எழுதிக்கொடுக்கிறது. ஒருவர் பெற்ற விலக்கு எங்கேயோ ஒரு கணக்கில் இன்னொருவர் ஏற்ற பொறுப்பாக எழுதப்படுகிறது. ரோமாபுரியிலும் அதுதான், தஞ்சாவூரிலும் அதுதான்.

சட்டத்தில் இம்யூன் என்ற சொல் இன்றும் பழைய பொருளோடுதான் வாழ்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு விதமான பயன்பாடு உண்டு, பின்வரிசையை நிறைத்திருக்கும் செவிலியர் கல்லூரி மாணவிகள் குறித்துக்கொள்ளலாம். வழக்கு, கைது, வரி போன்றவற்றிலிருந்து விலக்கு என்றால் 'இம்யூன் ஃப்ரம்' என்பார்கள். நோய், விமர்சனம், முகஸ்துதி போன்றவை நம்மைப் பாதிக்காது என்றால் 'இம்யூன் டு'. 'ஃப்ரம்' வந்தால் யாரோ கொடுத்த விலக்கு என்று பெரும்பாலும் கொள்ளலாம். 'டு' வந்தால் உள்ளே உருவான வலிமை.

முதலில் கொடுக்கப்பட்ட விலக்கு. வெளிநாட்டுத் தூதரைக் கைது செய்ய முடியாது என்பது நமக்குத் தெரியும். 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை அதை விதியாக்கியது. சினிமாக்களில் வில்லன் தூதரகப் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சிரிப்பான். அந்தக் காட்சியோடு நம் அறிவு நின்றுவிடுகிறது. உடன்படிக்கையின் முகப்புரை வேறு கதை சொல்கிறது. இந்தச் சலுகை தனிமனிதருக்கு லாபம் சேர்க்க அல்ல, தூதரகப் பணி தடையில்லாமல் நடக்கவே என்று அங்கேயே எழுதிவைத்திருக்கிறார்கள். விலக்கைக் கைவிடும் உரிமையும் தூதரிடம் இல்லை. அவரை அனுப்பிய அரசிடம் இருக்கிறது. அவர் வசிக்கும் நாட்டின் சட்டங்களை மதிக்கவேண்டிய கடமையும் அவருக்கு உண்டு. பணிக்காகக் கொடுத்தது பணியோடு கட்டப்பட்டிருக்கிறது.

நம் நாட்டிலேயே இதற்கு அண்மைய எடுத்துக்காட்டு இருக்கிறது. நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் பேசிய பேச்சுக்கும் போட்ட வாக்குக்கும் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது என்கிறது அரசியல் சாசனத்தின் 105ஆவது பிரிவு. சட்டமன்றத்துக்கு 194ஆவது பிரிவு. அப்படியானால் பணம் வாங்கிக்கொண்டு வாக்களித்தால்? 1998இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பில், லஞ்சம் வாங்கி அதன்படி வாக்களித்த உறுப்பினருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்றது. நாட்டில் பலருக்கு அது நெருடலாகவே இருந்தது. 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக அந்தத் தீர்ப்பை நிராகரித்தது. அவையின் பணிக்குத் தேவையானதற்குத்தான் பாதுகாப்பு. லஞ்சம் வாங்குவது அவையின் பணி அல்ல. சாதாரண மனிதருக்கும் புரிகிற நியாயம் சட்டமாக 26 ஆண்டுகள் ஆயின.

இனி, மருத்துவம். கடமையிலிருந்து விலக்கு என்ற சொல் நோய்க்கு எப்படி வந்தது? 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பாஸ்டர் போன்ற நோய்க்கிருமி ஆய்வாளர்களின் ஆராய்ச்சி பரவியபோதுதான் மருத்துவ எழுத்தில் இந்தச் சொல் நிலைபெற்றது. ஊரில் எல்லோரும் நோய்க்கு வரி கட்டுகிறார்கள், சிலர் மட்டும் கட்டுவதில்லை என்று பார்த்தவர்களுக்கு அந்த லத்தீன் சொல் கைக்கு வாகாக இருந்தது.

சொல் புதிது; கண்டறிந்த விஷயம் மிகப் பழையது. கி.மு. 430இல் ஏதென்ஸ் நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. அதில் தானும் விழுந்து பிழைத்த வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் ஒன்றைக் கவனித்து எழுதினார். நோயிலிருந்து மீண்டவர்களே நோயாளிகளிடம் அதிகப் பரிவு காட்டினார்கள். காரணம், அது இன்னதென்று அவர்களுக்குத் தெரியும், மறுபடி வந்தாலும் உயிரைக் குடிக்காது என்ற நம்பிக்கையும் இருந்தது. மருத்துவ வரலாற்றில் இம்யூனிட்டி பற்றிய முதல் குறிப்புகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். அந்த முதல் குறிப்பிலேயே, பாதிக்கப்படாதவர் ஒதுங்கி நிற்கவில்லை. மற்றவர் போகப் பயந்த வீட்டுக்குள் அவர்தான் போகிறார், தண்ணீர் கொடுக்கிறார்.

அடுத்துச் சொல்லப்போவது இந்த உரையின் மையம் என்று நான் நினைக்கிற சம்பவம். வட அட்லாண்டிக் கடலில், ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, ஃபாரோ தீவுகள் இருக்கின்றன. டென்மார்க் ஆட்சிக்கு உட்பட்டவை. 1846இல் அங்கே ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்தார்கள். 1781இல் ஒருமுறை தட்டம்மை வந்து போனது. அதன் பிறகு 65 ஆண்டுகள் அந்த நோயின் நிழல்கூட அங்கே விழவில்லை. 1846 மார்ச் 20 அன்று கோபன்ஹேகனிலிருந்து ஒரு தச்சர் கப்பல் ஏறினார். புறப்படுமுன் தட்டம்மை கண்ட சிலரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். 28ஆம் தேதி கரை இறங்கும்போது நன்றாகவே இருந்தார். ஏப்ரல் தொடக்கத்தில் படுத்தார். சில மாதங்களுக்குள் தீவுகளில் 6,000 பேருக்கும் மேல் தட்டம்மையில் விழுந்தார்கள்.

டென்மார்க் அரசு இரண்டு இளம் மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவர் பீட்டர் பானும் என்பவர், வயது 25. கிராமம் கிராமமாகப் போய், யார் யாரைச் சந்தித்தார், எந்த நாளில் தடிப்பு வந்தது என்று குறித்துக்கொண்டே போனார். தொற்றிய நாளுக்கும் தடிப்பு தோன்றும் நாளுக்கும் இடையே சுமார் 13, 14 நாள் என்று கணக்கிட்டார். அதைவிட அருமையான ஒன்றையும் கண்டார். சிறு வயதில் 1781இல் தட்டம்மை கண்டு பிழைத்த முதியவர்கள் தீவுகளில் பலர் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட இந்தமுறை நோய் தொடவில்லை. அதே வயதில், அன்று நோயிலிருந்து தப்பியிருந்த முதியவர்களோ இப்போது படுக்கையில் கிடந்தார்கள்.

65 ஆண்டுகள் ஃபாரோ மக்கள் எந்தப் பாதிப்பும் இல்லாமல் இருந்தார்கள். ஆனால் அவர்கள் இம்யூன் அல்ல. கடல் காத்தது, அவ்வளவுதான். ஒரு கப்பல் வந்ததும் அந்தக் காவல் முடிந்தது. உண்மையில் இம்யூனாக இருந்தவர்கள் அந்தச் சில கிழவர்களும் கிழவிகளும். அவர்கள் நோயைத் தொட்டவர்கள், நோயால் தொடப்பட்டவர்கள். 65 ஆண்டுக்கு முந்தைய ஒரு காய்ச்சலை அவர்கள் மனம் மறந்திருக்கலாம், உடம்பு மறக்கவில்லை.

உடம்பு எப்படி நினைவு வைத்துக்கொள்கிறது? 1882 இறுதியில் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில் இலியா மெச்னிக்கோவ் என்ற ரஷ்ய உயிரியலாளர் தங்கியிருந்தார். வீட்டார் குரங்கு வித்தை பார்க்க சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் நுண்ணோக்கியோடு வீட்டில் இருந்தார். நட்சத்திரமீனின் குஞ்சு கண்ணாடி போல இருக்கும். உள்ளே நடப்பது அப்படியே தெரியும். தோட்டத்தில் ரோஜா முள்ளைப் பறித்து அந்தக் குஞ்சின் தோலுக்கு அடியில் குத்தினார். இரவெல்லாம் தூக்கம் இல்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தால், முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் வந்து மொய்த்துக்கொண்டிருந்தன. வந்த அந்நியப் பொருளைச் சூழ்ந்து விழுங்கப் பார்க்கும் செல்கள். இந்த ஆராய்ச்சிக்காக 1908இல் ஜெர்மனியின் பால் எர்லிக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எர்லிக் ஆராய்ந்தது இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள்களை.

அந்த இரண்டையும் சேர்த்து இன்றைக்குச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். புதிய கிருமி ஒன்று முதல்முறை வரும்போது, அதற்குப் பொருந்தும் செல்களை உடம்பு தேடிப் பெருக்கி, எதிர்ப்பொருள் தயாரிக்க ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகிறது. அந்த இடைவெளியில்தான் காய்ச்சலும் வலியும். போராட்டம் முடிந்ததும் பெரும்பாலான செல்கள் அழிந்துபோகின்றன. சில மட்டும் நினைவு செல்களாகத் தங்குகின்றன. அதே கிருமி மறுபடி வந்தால் அவை உடனே விழித்து, முன்னைவிட வேகமாகவும் வலுவாகவும் வேலை செய்கின்றன. நமக்குத் தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. தடுப்பூசி செய்வதும் இதைத்தான்: நோய் வராமலே அந்த நினைவை மட்டும் கொடுக்கிறது.

இப்போது அலுவலகத்து நண்பரிடம் திரும்புவோம். 'திட்டுக்கு நான் இம்யூன்' என்றாரே, அவர். அவர் சொல்ல வந்தது எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதை. அதாவது, எதுவும் உறைக்கவில்லை. தமிழில் அதற்கு 'மரத்துப்போச்சு' என்று சரியான சொல் இருக்கிறது. மரத்துப்போன உடம்பும் இம்யூனான உடம்பும் நேர் எதிர். இம்யூனான உடம்பு கிருமி வந்ததை மற்ற எல்லா உடம்பையும்விட முந்தி உணர்கிறது, முந்திப் பதில் சொல்கிறது. மரத்துப்போனதோ எதையும் உணர்வதில்லை. தோலில் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் தொழுநோய் இருக்கிறதா என்று பாருங்கள் என்று சுகாதாரத் துறை சுவரெழுதிப் பிரசாரம் செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். மரத்துப்போவது நோயின் அறிகுறி.

ஆகவே நாளிதழில் விபத்துச் செய்தி படித்துப் படித்துப் பழகிவிட்டது, சாக்கடையில் இறங்கித் தொழிலாளி இறந்தார் என்ற செய்தியைக் கடந்து அடுத்த பக்கம் போகிறோம் என்றால், நாம் இம்யூன் ஆகிவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லாதீர்கள். ஆங்கில அகராதி அந்தப் பயன்பாட்டை அனுமதிக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலைக்கு நேர்மையான பெயர் மரத்துப்போதல். நல்ல செவிலியரைப் பாருங்கள். இரத்தம் கண்டு அவர் மயங்கி விழுவதில்லை; அதற்காக அவர் கல்மனம் படைத்தவர் இல்லை. நூறு காயம் பார்த்த கை நூற்றியோராவது காயத்துக்கு விரைவாக நீள்கிறது. இம்யூன் என்று சொல்லத் தகுந்தவர் அவர்.

நோயைப் பற்றிய உடம்பின் நினைவும் அழியக்கூடியதுதான். தட்டம்மை வைரஸ் அந்த நினைவு செல்களையே தாக்கும். தடுப்பூசி போடாமல் தட்டம்மை கண்ட குழந்தைகளின் இரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமல் போயிருந்தன. தட்டம்மை வந்து போனால் போகட்டும், 'அம்மா வந்திருக்கா' என்று வேப்பிலை கட்டினால் போதும் என்று இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கடைசியாக, இந்தச் சொல் ஒரு சுற்றுச் சுற்றித் தன் குடும்பத்துக்கே திரும்பி வந்த கதை. தட்டம்மை மிக வேகமாகப் பரவும் நோய்களில் ஒன்று. எதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அது பரவாமல் தடுக்க நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு எதிர்ப்புச் சக்தி வேண்டும். மீதி ஐந்து பேர் யார்? ஒன்பது மாதம் நிறையாத கைக்குழந்தை. புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் சிறுமி; அவளுக்கு உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி போடக்கூடாது. இவர்களால் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாது. சுற்றியிருக்கும் 95 பேரின் உடம்பு சுவராக நின்றால்தான் இவர்கள் பிழைப்பார்கள். நாம் போட்டுக்கொள்ளும் ஊசியில் ஒரு பங்கு அடுத்த வீட்டுத் தொட்டிலுக்குப் போகிறது.

பாருங்கள், 'எனக்குக் கடமை இல்லை' என்று ஒதுங்கிப் போன சொல், கடமையைச் செய்தால் மட்டுமே கிடைக்கும் ஒன்றின் பெயராகி நிற்கிறது. தூதரின் விலக்கு அவர் பணிக்காக. உறுப்பினரின் விலக்கு அவைக்காக. என் உடம்பின் எதிர்ப்புச் சக்தி என்னோடு முடிவதில்லை. இம்யூன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற எவரிடமும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்களுக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பால் யாருக்கு நன்மை? பதில் இல்லையென்றால் அது வெறும் சலுகை.

சொல்லாராய்ச்சியோடு கலைந்துபோக வேண்டாம். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி ஒன்பது மாதம் முடிந்ததும் ஒரு தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொரு தவணை. முதல் தவணை போட்ட பல வீடுகளில் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டும் இலவசம்.